மெலிசான பொருள்தானேங்க?

கோவையில் பம்பு செட்டைச் சுற்றி வருவது பிலிம். திருப்பூரில் பனியனுக்கு உறை பிலிம். ஈரோட்டு மஞ்சள் தூளும் காங்கயத்துத் தேங்காய் எண்ணெயும் கடைக்குப் போவது பிலிமுக்குள். அதை ஊதித் தயாரிப்பவர்கள், அச்சடிப்பவர்கள், அறுப்பவர்கள், சுற்றுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் முழுப் பக்கமும். பல கடிதங்களில் ஒரே வரி இருந்தது: “சூப்பர்வைசர் ‘பாத்துச் செய்’னு மட்டும்தான் சொல்றாருங்க.” பார்த்துச் செய்வது தொழிலாளியின் கடமை. பார்க்கத் தவறிய ஒரு நொடியிலும் கை தப்பிக்கிற மாதிரி இயந்திரத்தை அமைப்பது நிர்வாகத்தின் கடமை. இரண்டாவதைச் செய்யாதவருக்கு முதலாவதைச் சொல்லும் தகுதி குறைவு என்பது என் கருத்து.

கேள்வி: ஊதினா பறக்கிற பொருள். இதைத் தூக்கி வைக்கறதுக்குப் போய் வகுப்பு எடுக்கறாங்க. தேவைதானுங்களா?
(பேக்கிங் ஊழியர், கணபதி)

பதில்: ஊதினால் பறப்பது ஒரு தாள். உங்களிடம் வருவது ரோல். 1 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் விட்டம், நடுவில் 3 அங்குலக் குழல் உள்ள ஒரு பாலித்தீன் ரோலைக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம் வைத்தால் ஏறக்குறைய 250 கிலோ வரும். எல்லாம் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்க 23 கிலோதான் உச்சம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்கிட்டிருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. வகுப்புக்குப் போங்க.

கேள்வி: ரோலைத் தூக்கறதில்லைங்க, உருட்டித்தான் கொண்டு போறோம். அதுல என்ன ஆபத்து?
(பிலிம் குடோன் தொழிலாளி, அரசூர்)

பதில்: உருட்டத் தொடங்க இரண்டு பேர் போதும். நிறுத்த இரண்டு பேர் போதாது. தரை கொஞ்சம் சாய்ந்திருந்தால் 250 கிலோவும் உங்கள் பாதத்தைத் தேடி வரும். படுக்க வைத்த ரோலுக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வைக்காமல் கையை எடுக்கக் கூடாது. நிற்க வைத்த ரோல் அகலம் கூடக் கூடத் தள்ளாடும். குறுகலான ரோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் அதன் அருகே யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. குழலுக்குள் தண்டைச் செருகி செயின் பிளாக்கில் தூக்குவதுதான் சரியான வழி. ரோல் ஏற்றும் தள்ளுவண்டியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. ஆவாரம்பாளையத்துப் பட்டறைகளில் அளவு கொடுத்தால் செய்து தந்துவிடுவார்கள். ஊர் முழுக்கப் பம்பும் லேத்தும் செய்கிற கைகள் இருக்க, நம் ஆட்கள் முதுகை ஏன் கொடுக்க வேண்டும்?

கேள்வி: பிரிண்டிங் மெஷின்ல ரோல் பிரியும்போது பக்கத்துல போனாலே முடி நிக்குது. தொட்டா சுரீர்ங்குது. மாசி, பங்குனியில ரொம்ப அதிகம். உசுருக்கு ஆபத்துங்களா?
(உதவி ஆபரேட்டர், குறிச்சி)

பதில்: இந்த வாரத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகள் வேகமாகப் பிரியும்போது மின்னூட்டம் பிரிகிறது. பாலித்தீனும் பாலிப்ரோப்பிலீனும் மின்சாரத்தைக் கடத்தாத பொருட்கள். அதனால் பிரிந்த மின்னூட்டம் போக வழியில்லாமல் பிலிம் மேலேயே தங்கிவிடும். ஆயிரக்கணக்கில் வோல்ட் சேர்வது சாதாரணம். சேர்ந்திருப்பது மிகக் குறைந்த மின்னூட்டம் என்பதால் அந்த ‘சுரீர்’ பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. ஆள் திடுக்கிட்டுக் கையை உதறும்போது பக்கத்தில் ஓடும் உருளையில் கை படுவது முதல் ஆபத்து.

இரண்டாவது ஆபத்து உங்கள் மையில் இருக்கிறது. கிராவூர் மையைக் கரைக்க எத்தில் அசிடேட், டொலுவீன் போன்ற கரைப்பான்களைக் கலக்கிறீர்கள். தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு எத்தில் அசிடேட் ஆவியாக மைனஸ் 4 டிகிரி போதும், டொலுவீனுக்கு 4 டிகிரி. கோவையில் மார்கழிக் குளிரிலும் வெப்பம் அந்த அளவுக்கு இறங்காது. அதாவது, வருஷம் முழுக்க உங்கள் மைத்தொட்டிக்கு மேலே பற்றத் தயாரான ஆவி நின்றுகொண்டிருக்கிறது. அதைப் பற்றவைக்கத் தேவைப்படும் பொறியின் ஆற்றல் ஒரு மில்லிஜூலில் பாதிகூட இல்லை. உங்கள் விரலுக்கு லேசாக உறைக்கிற பொறியிலேயே அந்த அளவு இருக்கிறது. உங்களுக்கு ‘சுரீர்’ என்றால் ஆவிக்கு அது தீக்குச்சி.

மாசி, பங்குனியில் அதிகம் என்பதும் சரிதான். காற்றில் ஈரம் குறைந்தால் மின்னூட்டம் கசிந்து போக வழி குறையும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும்போது தொல்லை கொஞ்சம் தணியும். அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். 1980 ஆகஸ்டில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஈரம் மிகுந்த ஒரு நாளில், 3எம் நிறுவனத்தின் ஆலையொன்றில் 20 அடி அகலப் பாலிப்ரோப்பிலீன் பிலிம் கூடாரம் போல மேலேறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் நடந்து போனவர்களை ஏதோ சுவர் தடுப்பது போல மின்புலம் நிறுத்தியது என்று அந்நிறுவனத்தின் டேவிட் ஸ்வென்சன் பின்னர் ஒரு மின்னியல் மாநாட்டில் விவரித்தார். காற்றில் ஈரம் இருந்தும் அங்கே அப்படி நடந்தது.

கேள்வி: மெஷினுக்கு எர்த் போட்டாச்சு, இனிமே ஷாக் வராதுன்னு எலக்ட்ரீசியன் சொன்னார். ஆனா வருதே?
(அதே தொழிலாளியின் நண்பர், ஈச்சனாரி)

பதில்: எர்த் கம்பி உலோகத்தில் இருக்கும் மின்னூட்டத்தைத்தான் இறக்கும். பிலிம் கடத்தாத பொருள். அதன் ஒரு மூலையைத் தரையோடு கட்டினாலும் மறு மூலையில் இருப்பது அங்கேயே இருக்கும். பிலிமில் இருப்பதற்கு நேர்மாறான மின்னூட்டம் கொண்ட காற்றை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் அயனைசர் பார். காசு இல்லையென்றால், எர்த் செய்த செம்பு இழைச் சரத்தைப் பிலிமுக்கு மிக அருகில், தொட்டும் தொடாமலும், குறுக்கே கட்டுவார்கள். அதுவும் ஓரளவு வேலை செய்யும். அதற்காக மெஷின் எர்த்தைக் கழற்றிவிடாதீர்கள். உருளை, மைத்தொட்டி, கரைப்பான் டிரம், ஊற்றும் வாளி எல்லாமே ஒன்றோடொன்று கம்பியால் இணைந்து எர்த் ஆக வேண்டும். கரைப்பானைப் பிளாஸ்டிக் வாளியில் எடுத்து ஊற்றும் பழக்கம் இன்றோடு நிற்கட்டும். ஷாக் அடிக்கிறதே என்று ஆபரேட்டர் காலடியில் ரப்பர் பாய் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ரப்பர் மேல் நிற்கும் ஆள்தான் மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு மைத்தொட்டிக்குக் கையை நீட்டுகிறார். அங்கே மின்னூட்டம் இறங்கும் தரையும் அதற்கேற்ற செருப்பும் வேண்டும்.

கேள்வி: கரோனா ட்ரீட்டர் ஓடும்போது மூக்கைக் குத்தற ஒரு வாசம் வருது. மை வாசமா?
(ஆபரேட்டர், மலுமிச்சம்பட்டி)

பதில்: ஓசோன். மை பிலிமில் ஒட்டுவதற்காக மின்பொறி காட்டும்போது காற்றிலிருந்தே உருவாகிறது. வேலையிடக் காற்றில் அது 0.1 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது. மூக்குக்குத் தெரிகிறது என்றாலே உறிஞ்சுகுழாய் சரியாக இழுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: அறுக்கற மெஷின்ல சுருக்கம் விழுந்தா ஓட ஓடக் கையால நீவி விடுவோம். நிறுத்தினா வேஸ்டேஜ்ங்க. வருஷக்கணக்கா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலை.
(ஸ்லிட்டர் ஆபரேட்டர், பெருந்துறை)

பதில்: அண்ணா, ஒரு கணக்கு. மெஷின் நிமிஷத்துக்கு 150 மீட்டர் ஓடினால் விநாடிக்கு இரண்டரை மீட்டர். விரல் மாட்டியதை உணர்ந்து கையை இழுக்க மனிதனுக்குக் கால் விநாடியாவது ஆகும். அதற்குள் 60 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கும். உங்கள் விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை அளந்து பாருங்கள். இத்தனை வருஷ அனுபவம் அந்தக் கால் விநாடியைக் குறைக்காது.

சுருக்கம் விழுவதற்கு ஒரு காரணம் இருக்கும். உருளை ஒன்றுக்கொன்று இணையாக இல்லை, அல்லது இழுவிசை சரியில்லை, அல்லது பிலிமே ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வந்திருக்கிறது. வளைந்த பனானா ரோலர் போட்டால் சுருக்கம் தானே விரியும். கை போட்டு நீவுவது காரணத்தை மறைக்கிறது, நாளைக்கும் நீவ வைக்கிறது. இரண்டு உருளைகள் சேரும் வாய்க்கு மூடி வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்ட அடிப்படை விஷயம். ஓடும் இயந்திரத்தின் அருகே பரிசோதிக்கத்தான் வேண்டுமென்றால் அதற்குப் பயிற்சி பெற்று, உடம்போடு ஒட்டிய உடை அணிந்து, பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே போகலாம் என்று அடுத்த பிரிவு சொன்னது. லுங்கியும் தோளில் துண்டுமாக நிற்பவருக்கு அங்கே இடமில்லை.

அச்சு உருளையைத் துணியால் துடைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நிறுத்திவிட்டுத் துடையுங்கள். மெதுவாகச் சுற்றித்தான் துடைக்க வேண்டுமென்றால், பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் நகரும்படி வைத்து, பொத்தானும் துணியும் ஒரே ஆள் கையில் இருக்கட்டும். உருளை வெளியே தள்ளும் பக்கத்தில் துடையுங்கள், உள்ளே இழுக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அப்போ கையுறை போட்டுக்கிட்டா?
(அதே அறையிலிருந்து இன்னொருவர்)

பதில்: பிளேடு மாற்றும்போது கட்டாயம் போடுங்கள். ஓடும் உருளை அருகே கட்டாயம் கழற்றுங்கள். கையுறையின் நுனி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: பாலிபேக் கட்டுப் பிரிக்க, பாதி பிளேடுல டேப் சுத்தி வெச்சுக்குவோம். எங்க செக்‌ஷன்ல எல்லாருமே அப்படித்தான். அடிக்கடி விரல் கிழியுது. டேப் ஒட்டிக்கிட்டு வேலை பாக்கறோம்.
(பேக்கிங் பிரிவு, திருமுருகன்பூண்டி)

பதில்: அம்மிணி, உங்கள் தொழிற்சாலையில் தையல் ஊசி உடைந்தால் என்ன செய்கிறார்கள்? எல்லாத் துண்டுகளையும் தேடிப் பிடித்து ரெஜிஸ்டரில் ஒட்டி, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் புது ஊசி தருகிறார்கள். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் உலோகத் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அத்தனை கண்டிப்பு. பாதி பிளேடும் உலோகம்தான். அதற்கு ரெஜிஸ்டர் இல்லை, எண் இல்லை, கணக்கு இல்லை. அடுத்த ஆடிட்டின்போது இதை யாராவது சுட்டிக்காட்டட்டும், மறுநாளே மாறும்.

மாற்று இருக்கிறது. பிளேடு உள்ளே மறைந்திருக்கும், பிலிம் மட்டும் நுழையும் அளவுக்குக் குறுகிய பிளவு உள்ள கட்டர். விரல் அதற்குள் போகவே போகாது, உள்ளே இருக்கும் பனியனும் கிழியாது. ஆளுக்கு ஒன்று, எண் போட்டு, காலையில் கொடுத்து மாலையில் வாங்க வேண்டும். பழைய பிளேடுக்குப் பூட்டிய டப்பா. துணி கிழிந்து கழிக்கும் பீஸின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை. அதைவிட, கிழிகிற விரல் உங்களுடையது. டேப் ஒட்டி மறைக்காமல் முதலுதவிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத காயம் நிர்வாகத்தின் கண்ணில் நடக்காத காயம்.

கேள்வி: நாங்க போடற பாலிபேக்ல “இது விளையாட்டுப் பொருள் அல்ல, குழந்தைகளிடம் தர வேண்டாம்”னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. துளையும் போட்டிருக்கு. எதுக்குங்க?
(செக்கிங் தொழிலாளி, அனுப்பர்பாளையம்)

பதில்: மெல்லிய பிலிம் ஈர முகத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கு அதை இழுத்து எறியத் தெரியாது, சத்தம் போடவும் முடியாது. அதனால்தான் வாங்கும் நாடுகள் எச்சரிக்கையும் காற்றுத் துளையும் கேட்கின்றன.

ஆனால் கழிவாக ஒதுக்கிய பைகளைத் துணி வைக்க, பருப்பு வைக்க என்று நம் வீடுகளுக்குக் கொண்டு போகிறோம். நம் வீட்டுக் குழந்தைக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் சொல்லாது. தொட்டில் கட்டும் வீட்டுக்குப் பெரிய பாலிபேக் போகவே கூடாது. தொழிற்சாலைக் குழந்தைகள் காப்பகத்தில் மெத்தைக்கு மேலே பிலிம் விரித்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்ரிங் ராப் டனல்ல வேலை. சீல் வைக்கும்போது புகை வந்து கண் எரியுது, சாயங்காலம் இருமல். பிலிம் மாத்தின பிறகுதான் இப்படி.
(மிக்ஸி பாகங்கள் பேக்கிங், சரவணம்பட்டி)

பதில்: பிலிம் மாறிய பிறகு என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒரு துண்டை வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாமல் சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலித்தீனும் பாலிப்ரோப்பிலீனும் மிதக்கும். பி.வி.சி. முங்கும். பெட் வகையும் முங்கும் என்பதால், முங்கினால் விற்றவரிடம் என்ன பொருள் என்று எழுத்தில் கேளுங்கள். பி.வி.சி.யாக இருந்தால் சூடான கம்பி படும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் இறைச்சிப் பொட்டலம் கட்டியவர்களுக்கு, பி.வி.சி. பிலிமைச் சூடான கம்பியால் வெட்டியதால் ஆஸ்துமா போன்ற மூச்சுத்திணறல் வந்ததை 1973-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ‘இறைச்சி கட்டுவோர் ஆஸ்துமா’ என்றே அதற்குப் பெயர்.

பாலியோலிஃபின் பிலிமுக்கு மாறச் சொல்லுங்கள். கம்பியின் சூட்டை, சீல் பிடிக்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். புகை உங்கள் முகத்தைத் தாண்டி மேலே போகும் முன், கம்பிக்குப் பக்கத்திலேயே உறிஞ்சு குழாய் இழுக்க வேண்டும். தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேன் புகையைப் பரப்பும், அகற்றாது. இருமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் பிலிமைப் பற்றியும் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்க மாட்டார்.

கேள்வி: பால் பாக்கெட் போடும் மெஷின்ல நீல விளக்கு எரியுது. பார்க்கலாமா?
(ஒப்பந்தத் தொழிலாளி, பொள்ளாச்சி)

பதில்: கூடாது. பிலிமில் இருக்கும் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு அது. மூடியில்லாமல் பார்த்தால், வெல்டிங் வெளிச்சம் பட்டதைப் போல, சில மணி நேரம் கழித்து மணல் விழுந்த மாதிரி கண் உறுத்தும். மூடி உடைந்திருந்தால் மாற்றும்வரை விளக்கை அணைத்து, மெஷினை நிறுத்த வேண்டும்.

கேள்வி: பாலெட்டைச் சுத்தி ஸ்ட்ரெச் பிலிம் சுத்தறேன். நாள் முழுக்க. இடுப்பு விட்டுப்போச்சு, தலை வேற சுத்துது.
(லோடிங் பகுதி, பல்லடம்)

பதில்: குனிந்துகொண்டு பின்னோக்கி நடக்கிறீர்கள். இரண்டுமே தவறு. நீண்ட கைப்பிடி வைத்த ரோல் ஹோல்டர் கேளுங்கள், குனிய வேண்டாம். பிலிம் உங்களுக்குப் பின்னால் விரிய, முன்னோக்கி நடங்கள். அடியில் இரண்டு மூன்று சுற்று பாலெட் கட்டையோடு சேர்த்துப் பிடித்துவிட்டு மேலே ஏறுங்கள். தொங்கும் வாலை உடனே வெட்டுங்கள், இடறி விழுவது பெரும்பாலும் அதில்தான். ஒரு ஷிப்டில் ஓயாமல் சுற்ற வேண்டியிருந்தால் அது மனிதன் செய்யும் வேலை அல்ல, சுழல்மேசை மெஷின் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: எங்க நூல் மில் கேட்டில் பிளாஸ்டிக் கவரைப் பிடுங்கி வெச்சுக்கறாங்க. அவமானமா இருக்குது.
(நூற்பாலைத் தொழிலாளி, உடுமலை)

பதில்: பஞ்சில் ஒரு துணுக்குப் பாலிப்ரோப்பிலீன் கலந்தால் அது நாராகப் பிரிந்து நூலோடு போகும். சாயம் ஏறாது. துணி சாயமேறிய பிறகு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்போது மொத்த லாட்டும் திரும்பி வரும். கவரை வாங்கி வைப்பது நியாயம்தான். அவமானப்படாமல் இருக்க நிர்வாகம் ஒரு துணிப்பை தரலாம்.

கேள்வி: பிலிம் ரோல் தானே தீப்பிடிக்குமா? எங்க குடோனில் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கோம்.
(குடோன் பொறுப்பாளர், சூலூர்)

பதில்: தானே பிடிக்கும் பிலிம் ஒரு காலத்தில் இருந்தது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ படம் எடுத்த 1930களிலும் 40களிலும் சினிமாச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருந்ததால் தண்ணீருக்கு அடியிலும் எரியும். உங்கள் பாலித்தீன் அப்படியல்ல, யாராவது பற்றவைக்க வேண்டும். ஆனால் பற்றிய பிறகு, ஒரு கிலோ பாலித்தீன் ஏறக்குறைய ஒரு கிலோ மண்ணெண்ணெய் தரும் வெப்பத்தைத் தரும். உருகி, எரியும் சொட்டாக வழிந்து கீழ் அடுக்கையும் பிடிக்கும். பத்து டன் ரோல் என்றால் பத்து டன் மண்ணெண்ணெய் என்று நினைத்து அடுக்குங்கள். கூரைக்கும் விளக்குக்கும் இடைவெளி, அடுக்குகளுக்கு நடுவே ஆள் ஓடும் பாதை, குடோனுக்குள் வெல்டிங் கூடவே கூடாது. பூட்டிய பின்வாசல் வாசலே அல்ல. பாலித்தீன் ரோல் தீக்குத் தண்ணீர் அடிக்கலாம். கரைப்பான் தீக்கு நுரை அல்லது உலர்பொடி. ரோலையும் கரைப்பானையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஓரக் கழிவைக் கம்பெனிக்குப் பின்னால கொளுத்தறாங்க.
(பெயர் வேண்டாம், சோமனூர்)

பதில்: குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அச்சில்லாத சுத்தமான ஓரக் கழிவை மறுசுழற்சிக்காரர் காசு கொடுத்தே வாங்குவார். எரிப்பவர் காசைத்தான் எரிக்கிறார். புகையை மூச்சில் இழுப்பது பக்கத்துத் தறிக்குடியிருப்பு.

கேள்வி: கை மாட்டினதுக்கு ஓனர் ஆஸ்பத்திரி செலவு குடுத்துட்டார், ஈ.எஸ்.ஐ.க்குப் போக வேண்டாங்கறார். நல்லவர்தானுங்க.
(தொழிலாளியின் மனைவி, சிங்காநல்லூர்)

பதில்: நல்லவராகவே இருக்கட்டும். செலவு கொடுப்பது இன்றைய பாடு. விரலின் பிடிமானம் ஆறு மாதம் கழித்துக் குறைந்தால் நிரந்தர ஊனத்துக்கான தொகை ஈ.எஸ்.ஐ.யில்தான் வரும், அதுவும் விபத்து பதிவாகியிருந்தால் மட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்கள் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. விபத்து அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்க யூனிட்ல பாதிப் பேர் ஒடிசா, பீகார் பசங்க. போர்டு எல்லாம் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்குது. சொன்னா தலையாட்டறாங்க. புரியுதான்னு தெரியலை.
(ஷிப்ட் சூப்பர்வைசர், குறிச்சி)

பதில்: தலையாட்டுவது மரியாதை, புரிந்ததற்குச் சான்று அல்ல. ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள், எழுத்தோடு படமும் இருக்கட்டும். அவர்களிலேயே மூத்த ஒருவரைச் சம்பளத்தோடு ஒரு மணி நேரம் பேச விடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ரோல் இல்லாத மெஷினை ஓடவிட்டு, அவசர நிறுத்தப் பொத்தானை அந்தப் பையன் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள். உருளை முழுதாக நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்பதை அவனும் நீங்களும் சேர்ந்து எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு மேல் சுற்றினால் பிரேக்கைச் சரி செய்யும்வரை யாரையும் அங்கே நிறுத்தாதீர்கள்.